என் மூக்கும் இருபது கட்டு விதைப்பூண்டும்

போன வாரம் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் செத்த எலியை வாலைப் பிடித்துத் தருவதுபோல உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் தந்தார். உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டிய ஒரு கட்டு மலைப்பூண்டு. புகை, பூண்டு, ஈரச் சாக்கு மூன்றும் கலந்த அந்த நாற்றம் என் மனைவியை பால்கனிக்குத் துரத்தியது. பத்து நிமிடத்தில் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் யாரோ, எந்த வீட்டில் கேஸ் கசிகிறது என்று கேட்டிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். சுவரில் மாட்டியிருக்கும் வாசனை எந்திரம் வழக்கம்போல ஒரு பூவின் பெயரால் எதையோ பீய்ச்சியது. இரண்டும் சேர்ந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் கட்டைப் பிரித்தேன். பிரித்துச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடவுள் மூளைக்கென்று எடுத்துவைத்த சரக்கையெல்லாம் எனக்கு மூக்கில் வைத்துவிட்டான். அடுத்தவர் குடித்த டம்ளரை மூன்று முறை கழுவிய பிறகும் அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்வேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் இறங்கிவிடுவேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சமவெளியில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். ஒரே வருடத்தில் நான்கு பாடம் தேறவில்லை. மெஸ் சாம்பார் நாறுகிறது, விடுதி நாறுகிறது, அதனால்தான் படிப்பு ஓடவில்லை என்று எங்கள் ஊர் கன்னிவாடிக்கு வந்து வீட்டில் சொன்னேன். அங்கே எனக்கு ஒரு நண்பன்கூடக் கிடையாது என்பதைச் சொல்லவில்லை. எல்லோரும் நாறுகிறார்கள் என்று நானே தள்ளித் தள்ளி உட்கார்ந்து, கடைசியில் வகுப்பின் மூலையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தேன். தூண் நாறவில்லை. ஆனால் அது பேசவும் இல்லை.

என் அப்பா மாற்றுச் சான்றிதழை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மலைக்குக் கொண்டுபோய் விடுறேன். அங்க காத்து சுத்தமா இருக்குமாம்ல. அங்கயும் நாறுச்சுன்னா, நாறுறது நீதான்னு வச்சுக்கோ" என்றார்.

அப்படித்தான் கொடைக்கானலில் ஒரு கலைக் கல்லூரியில், வகுப்புகள் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, மறுபடி முதலாம் ஆண்டில் நுழைந்தேன். மூன்று பேர் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு பெஞ்சில் மட்டும் ஒருவன் தனியாக, மப்ளரைச் சுற்றிக்கொண்டு இருந்தான். பக்கத்தில் போனதும் காரணம் புரிந்தது. மப்ளரிலிருந்து, ஸ்வெட்டரிலிருந்து, தலைமுடியிலிருந்துகூடப் பூண்டு வாடை. மேல்மலையில் பூண்டி அவன் ஊர். வீட்டில் பூண்டுதான் விவசாயம். அவன் நகர்ந்து இடம் விட்டு, "ஒக்காருலே. எந்த ஊரு? முன்னாடி என்ன படிச்ச?" என்றான். சொன்னேன். "இஞ்சினியரா?" என்று வகுப்பே திரும்பும்படி கேட்டான். அன்றிலிருந்து நான் இஞ்சினியர். பாலம் கட்டாமலே பட்டம் வாங்கிய ஒரே ஆள்.

நாயுடுபுரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்பக்க அறையில் அவன் தங்கியிருந்தான். கூட இருந்தவன் படிப்பை விட்டுவிட்டுப் போயிருக்க, எனக்கு வேறு இடமும் கிடைக்காமல் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். அந்த அறையை நினைத்தால் இப்போதும் என் தொண்டை அடைக்கிறது, உருக்கத்தால் அல்ல. வெள்ளைக்காரர் காலத்துக் கணப்பு அடுப்பு ஒன்று சுவரில் இருந்தது. அதில் பாதிப் புகை மேலே போகும், பாதி எங்களோடு குடியிருக்கும். சுவரில் பச்சையாகப் பூசணம். அடுப்புக்கு முன்னால் அவனுடைய ஈரக் காலுறைகள் நான்கு ஜோடி, ஒன்றாவது முழுதாகக் காய்ந்து நான் பார்த்ததில்லை. செப்டம்பரில் அறுவடை முடிந்ததும் இவற்றோடு இருபது கட்டு விதைப்பூண்டும் வந்து சேர்ந்தது. பூண்டியில் விதைப்பூண்டை அடுப்பங்கரைப் பரணில், புகை படும்படி தொங்கவிட்டு வைப்பார்கள். அந்தச் சமயம் அவர்கள் வீட்டு அடுப்பங்கரையைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவன் அம்மா விதையை எங்கள் அறைக்கு அனுப்பிவிட்டாள். கணப்புக்கு மேலே மூங்கிலைக் கட்டி அவன் இருபதையும் வரிசையாகத் தொங்கவிட்டான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சந்தலையில் ஒரு கட்டு இடிக்கும்.

"தெனம் கொஞ்சம் தீ போட்டுக்கிட்டே இருக்கணும்லே. ஈரம் பட்டுறக் கூடாது. நடவுக்கு வேற வெதை கெடையாது, எவனும் அந்த நேரம் குடுக்கமாட்டான். வெள்ளாம போச்சுன்னா எம் படிப்பும் போச்சு, ஊருக்கு வந்துருன்னு எங்கம்மா சொல்லிருச்சு" என்றான்.

தலையை ஆட்டினேன். அவன் தூக்குச்சட்டியில் வந்த பூண்டுக் குழம்பையும் மூச்சை அடக்கிக்கொண்டு தின்றேன். இதில் எனக்கே அருவருப்பான விஷயம், நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான். வகுப்பில் எனக்கு இடம் பிடித்து வைக்க ஒருவன் இருந்தான். என்னைக் கேலி செய்ய நாற்பது பேர் இருந்தார்கள். தேறாத கணக்கில் மிஞ்சியதை வைத்து அவனுக்குப் புள்ளியியல் சொல்லித் தந்தேன்; அவனும் தேறினான், அதைவிட ஆச்சரியம் நானும் தேறினேன். தலையில் பூண்டு இடிக்க இடிக்க, இந்த அறையிலிருந்து எப்போது தப்பிப்போம் என்று நினைத்துக்கொண்டே, அங்கிருந்து ஒருநாள்கூட ஊருக்குப் போகாமல் இருந்தேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு அவன் பூண்டிக்குப் போனான். மூன்று நாள். "தீய மட்டும் விட்டுறாத" என்று பஸ்ஸில் ஏறும்போதும் சொன்னான். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கோ ஒரு யோசனை வந்துவிட்டது.

மறுநாள் காலை கண்ணாடிபோல வெயில் அடித்தது. ஈரம் படக் கூடாது என்றால் வெயிலை விட நல்லது எது? இருபது கட்டையும் கழற்றி, பின்பக்கக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஜன்னல்களைத் திறந்து, பினாயில் போட்டுத் தரையைத் தேய்த்து, ஊதுபத்தி கொளுத்தினேன். இரண்டு மாதத்தில் முதன்முறையாக அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்துவிட்டு, கொண்டாட்டமாகப் பஜாருக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம், எதிரில் கம்பளிக் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே, "தம்பி, வீட்டுல ஏதும் காயப்போட்ருக்கீங்களா? மிஸ்ட் எறங்கிருச்சு பாருங்க" என்றார்.

"துணியெல்லாம் உள்ளதான் கெடக்கு பாய்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இன்னும் ஒரு பரோட்டாவுக்குக் கை காட்டினேன். கன்னிவாடியில் பிறந்தவனுக்கு மழை தெரியும், வெயில் தெரியும். மேகமே தெருவில் இறங்கி வீட்டுக்குள் நடந்து போகும், அதுவும் தண்ணீர்தான் என்பது அதுவரை என் மூக்குக்குக்கூட எட்டவில்லை. திரும்பி வரும்போது எனக்கே என் கை தெரியவில்லை. கொடியில் இருபது கட்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி சொட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் மழையும் பிடித்துக்கொண்டது.

அப்போதே பாயிடம் ஓடியிருக்கலாம். பூண்டிக்குப் போன் போட்டிருக்கலாம். முதன்முதலாகக் கிடைத்த ஒரே நண்பனையும் இழந்துவிடுவேனோ என்ற பயத்தில், பொறியியல் படித்த மூளையை வேலைக்கு விட்டேன். கணப்பில் விறகை அடுக்கிக் கொழுந்துவிட எரியவைத்து, கட்டுகளை அதன் வாயிலேயே நிறுத்திவைத்தேன். அதிலும் காயாதவற்றைத் துண்டில் சுற்றி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். ஆம், விதைப்பூண்டுக்கு இஸ்திரி போட்டேன். அறை முழுக்கச் சுட்ட பூண்டு மணம் எழுந்தது. ஒரு நிமிடம் எனக்குப் பசிகூட எடுத்தது. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு வரும் குமட்டல் அந்தப் பசிக்காகத்தான்.

வெளித்தோல் நன்றாகவே காய்ந்துவிட்டது. பழையபடி தொங்கவிட்டேன். அவன் வந்து நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி, "என்னலே ஆஸ்பத்திரி மாதிரி வருது?" என்றான். ஆயுத பூஜைக்கு அறையைக் கழுவினேன் என்றேன். "நல்ல பயலாத்தான் இருக்க" என்று தோளில் தட்டிவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய பொரியை என் கையில் கொட்டினான். அதைத் தின்றேன். அதன் ருசியைச் சொல்லப் போவதில்லை.

நவம்பரில் நடவு. என்னையும் கூட்டிக்கொண்டு போனான். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும் அந்த பஸ்ஸில், விதைச் சாக்கு என் மடியில்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் வாயைத் திறந்தேன். வாயைத் திறந்தபோதெல்லாம் வாந்திதான் வரப்பார்த்தது. அதையே சாக்காக வைத்து மூடிக்கொண்டேன்.

அவன் அம்மா முற்றத்தில் சாக்கைக் கொட்டி, முதல் பூண்டைக் கையில் எடுத்து உடைத்தாள். உள்ளே பல்லெல்லாம் மஞ்சளாகக் கூழாகியிருந்தது. அழுகிய பூண்டின் நாற்றத்தை உலகத்தில் எந்த நாற்றத்தோடும் ஒப்பிட முடியாது. ஒப்பிட்டால் மற்ற நாற்றங்களுக்கு அவமானம். இரண்டாவதை உடைத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவது நன்றாக இருந்தது. நிமிர்ந்து மகனைப் பார்த்தாள்.

"தீ போட்டியா இல்லையாலே?"

அவன் குனிந்து, உடைந்த பூண்டைக் கையில் எடுத்தான். "நாந்தாம்மா... பூசைக்கு இங்க வந்துட்டேன்ல, மூணு நாளு. நான் வந்துருக்கக் கூடாது" என்றான். நான் ஏதாவது செய்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. படிப்பு போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டவன்போல, உடைந்த பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கே சகிக்கவில்லை. "அவன் இல்லம்மா, நான்தான். நாத்தம் தாங்கலன்னு வெளிய கொடியில போட்டேன். நனைஞ்சிருச்சு. தீயில வச்சுக் காயவச்சேன். பெறகு... இஸ்திரிப் பெட்டியும் வச்சேன்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "வெதையை அவிச்சுக் கொண்டாந்துட்டு நிக்கிறான் பாரு, கல்யாண மாப்பிள்ள கணக்கா! இந்த மலையில வெதைப்பூண்டுக்கு இஸ்திரி போட்டவன நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். நாத்தம் தாங்கலயாம்ல? அம்புட்டு மூக்கு இருக்கா? அப்ப ஒக்காரு. ஒவ்வொண்ணா மோந்து போடு. உரிச்சா நட முடியாது, அமுக்குனா நல்லதும் கெட்டுப்போகும். உன் மூக்குதான் பாக்கணும். நல்லது இங்கிட்டு, கெட்டது அங்கிட்டு. வெரசா!"

காலையிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்து மோந்தேன். வாழ்க்கை முழுவதும் எதைக் கண்டு ஓடினேனோ, அதைக் கையால் எடுத்து மூக்குத் துவாரத்துக்கே கொண்டுவந்து வைத்தேன், ஆயிரம் முறையாவது. இரண்டு தடவை வேலிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். "முடிஞ்சுதா? வா, சோலியப் பாரு" என்றாள். மாலையில் எட்டுக் கட்டு அளவுக்குக் குப்பை. மிச்சத்தை நட்டார்கள். நடாமல் விட்ட வயல் அடுக்கில் பீன்ஸ் போடலாம், இந்தப் பூண்டு முளைத்தால் படிப்பை அப்புறம் பார்க்கலாம் என்று அவனிடம் சொன்னாள்.

அவன் என்னைத் திட்டவில்லை. திரும்பும் பஸ்ஸில் என்னைத் தாண்டிப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். அதுவரை பிறரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தவன் நான். ஒருவர் நம்மிடமிருந்து எழுந்து போய் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு வாரத்துக்கு என் விரலிலும் மூக்கிலும் அழுகல் போகவில்லை. வகுப்பில் முன்பெஞ்சுப் பெண்கள் ஜன்னல் பக்கமாக நகர்ந்தார்கள். அப்பா சொன்னது நடந்துவிட்டது, நாறியது நான்தான். ஒரே அறையில் இரண்டு வாரம் பேசாமல் இருந்தோம். மேலே மூங்கில் வெறுமையாக இருந்தது. தலை இடிக்கவில்லை. காற்று சுத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சுத்தத்தைப்போல ஒரு கேவலமான வாடையை நான் சுவாசித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை வெள்ளனே, அவன் ஊரிலிருந்து நனைந்துகொண்டு வந்தான். கதவைக் காலால் தள்ளினான். என்னைப் பார்க்காமலே ஷூவைக் கழற்றி, ஈரக் காலுறையைப் பிழிந்து, கணப்பின் முன்னால், என் புத்தகத்தின் மேலேயே போட்டான்.

"நீ மோந்தது பூராம் மொளச்சிருச்சுலே, இஞ்சினியரு" என்றான்.

அந்தக் காலுறையை நான் நகர்த்தவில்லை. நாறிக்கொண்டிருந்தது.

அவன் படித்து முடித்தான். இப்போது பூண்டியில் வயலையும் பார்த்துக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் இருக்கிறான். ஒவ்வொரு அறுவடைக்கும் எனக்கு ஒரு கட்டு வரும். அதில் ஒரே ஒரு கெட்ட பூண்டை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பான். நான் மோந்து கண்டுபிடித்து போன் செய்ய வேண்டும். அதுதான் கட்டைப் பிரித்துச் செய்யவேண்டிய அந்த வேலை.

வாசனை எந்திரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மோந்தேன். பதினேழாவதில் பிடித்தேன். போனில் அவன், "மூக்கு இன்னும் சாகலையாலே?" என்று கேட்டுச் சிரித்தான். பால்கனியிலிருந்து என் மனைவி, அந்தக் கர்மத்தை முதலில் வெளியே எறியுங்கள் என்று கத்தினாள். நியாயம்தான். குப்பைக் கூடையைத் திறந்தேன். போடுவதற்கு முன் இன்னொரு தடவை மூக்கருகே கொண்டுபோனேன்.

த்தூ.