தாச்சோ செத்த வெள்ளிக்கிழமை

படக்கதையை வானொலி நாடகமாக்குவது பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் எர்மிலா சொத்தேலோவின் நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். படத்தில் ஒருவன் கத்தியை உருவினால் நாலு கோடு போதும். வானொலியில் எதிரில் நிற்பவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "அடப்பாவி, கத்தியை எடுக்கிறியா? அதுவும் இடது கையால?" குத்துப்படப் போகிறவன் இவ்வளவு விவரமாகப் பேசுவானா என்று மெக்சிகோ நகரத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

பதினோரு வருடம் அவள் அந்த வேலையைப் பார்த்தாள். நான் அதே நிலையத்தில் சத்தம் போடுகிறவன். குதிரை ஓடினால் தேங்காய்ச் சிரட்டை, மழை பெய்தால் தகரத்தில் பட்டாணி. நபோர் என்ற நல்ல பெயர் எனக்கு இருந்தாலும் எல்லோருக்கும் நான் சிரட்டைதான்.

எங்கள் நாடகத்துக்கு மூலம் 'மலைப்புயல்' என்ற வாராந்தரப் படக்கதை. சனிக்கிழமை காலையில் கடைக்கு வரும். அதே கதையை நாங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறு மணிக்கு ஒலிபரப்புவோம். பத்திரிகைக்கு முந்தியே கதை காற்றில் போக வேண்டும் என்பதால் அச்சகத்திலிருந்து முந்தைய வாரமே படங்கள் வந்துவிடும், ஆனால் வெறும் படங்கள். பேச்சு எழுத வேண்டிய வட்டங்கள் வெள்ளையாகவே இருக்கும். கதாசிரியர் ஹசிந்தோ கடைசி நிமிடத்தில்தான் வசனம் எழுதுவார். அதனால் எர்மிலா படத்தைப் பார்த்து ஊகிப்பாள். சந்தேகம் வந்தால் அவர் வழக்கமாகக் குடிக்கும் கடைக்குத் தொலைபேசி போடுவாள். "தோன் ஹசிந்தோ, மூணாம் பக்கத்துல அந்தப் பொம்பள சிரிக்கிறாளா, அழறாளா?" அவரும் யோசித்துவிட்டு, "உங்களுக்கு எது வசதி?" என்பார். (மரியாதைக்கு ஆண்களை நாங்கள் தோன் என்போம், பெண்களைத் தோன்யா.)

கதையில் தாச்சோ என்று ஒருவன். நாயகனின் தோழன், பேச வராதவன். படத்தில் கையை ஆட்டிச் சமாளித்துக்கொள்வான், வானொலியில் என்ன செய்வான்? இயக்குநர் தோன் அபுந்தியோ அவனை வெட்டச் சொன்னார். எர்மிலா கேட்கவில்லை. "மரத்துல தட்டட்டும். ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்ல," என்றாள். என் விரல் முட்டிக்கு வேலை வந்தது. இரண்டு மாதத்தில் நாயகனைவிடத் தாச்சோவுக்கு அதிகக் கடிதம் வந்தது. கடிதத்தில் விரல் முட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை, போகட்டும்.

அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்பது தோக்தோரெஸ் பகுதியில் அவள் குடியிருந்த முற்றத்து வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் கணவர் திபுர்சியோ இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டியவர். நாலு வருடத்துக்கு முன்னால் வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடக்கை முட்டியால் கட்டில் பலகையில் தட்டுவார். ஒன்று ஆமாம், இரண்டு இல்லை.

"அவருக்குத் தெரியுமா, தாச்சோ அவர்தான்னு?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? மொத நாளே சிரிச்சாரு. வாய் ஒரு பக்கந்தான் போகும், ஆனாலும் சிரிப்புதான். ஆறு மணிக்கு ரேடியோ போடலைன்னா பலகையை உடைச்சிடுவாரு."

தட்டு என்றால் ஏதோ அழகான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டில் பதில் வர வேண்டுமானால் கேள்வியை அதற்கேற்பச் செதுக்க வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்க முடியாது. தண்ணீரா? தலையணையா? ஜன்னலா? வெளிச்சம் கண்ணில் படுகிறதா? இல்லை, இல்லை, இல்லை. இருபது கேள்வி கழித்துத்தான் காலில் எறும்பு கடிப்பது தெரியும். காலையில் அவரைக் கழுவி, ஊட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு நிலையத்துக்கு வருவாள். மாலையில் போய் மறுபடியும் அதையே செய்வாள்.

ஒருநாள் நிலையத்து வராந்தாவில் சுவரோடு சாய்ந்துகொண்டு சொன்னாள்: "நபோர், பகலெல்லாம் பேசாத படத்துக்குப் பேசறேன். வீட்டுக்குப் போனா பேசாத மனுசனுக்கும் சேத்துப் பேசறேன். என் பேச்ச நான் எப்பப் பேசறது?"

"சனிக்கிழமை கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்க, தோன்யா. பாவத்தச் சொல்ற சாக்குல பேசலாம்."

"அங்க பாதிரியார்தான் பேசறாரு."

சிரித்தோம். இப்போது நினைத்தால் நான் சிரித்திருக்கக் கூடாது.

அந்த வாரத்துப் படங்களின் கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். குகைக்குள் தாச்சோ மல்லாந்து கிடக்கிறான், கண் மூடியிருக்கிறது. நாயகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் தலைக்கு மேல் ஒரு வெள்ளை வட்டம்.

எர்மிலா தாச்சோவின் சாவை எழுதிக்கொண்டு வந்தாள். நான் கேட்டேன்: "ஹசிந்தோகிட்ட கேட்டீங்களா?"

"தொப்பியக் கழட்டிட்டு நிக்கறான். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

வெள்ளிக்கிழமை ஆறு மணி. நாயகன் கேட்கிறான்: "தாச்சோ, நான் பேசறது கேக்குதா?" நான் ஒரு தட்டு தட்டினேன். "வலிக்குதா?" இரண்டு, மெதுவாக. "நான் இங்கயே இருக்கேன். கேக்குதா?" அதற்குப் பிறகு அவள் எழுதியிருந்தது மௌனம். வானொலியில் மௌனம் என்றால் தோன் அபுந்தியோவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அன்றைக்கு அவரே தலையைக் குனிந்துகொண்டார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து வரை எண்ணினேன். அவ்வளவு நல்ல காட்சியை எங்கள் நிலையம் அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை.

மறுநாள் பத்திரிகை வந்தது. அந்த வெள்ளை வட்டத்துக்குள் ஹசிந்தோ எழுதியிருந்தார்: "சத்தம் போடாதீர்கள். மூன்று நாளாகக் கண் மூடவில்லை. தூங்கட்டும்."

மெர்செத் சந்தையில் இறைச்சிக் கடைக்காரர்கள் ரேடியோவுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஒரு தக்காளிக்காரி தாச்சோவின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கப் போக, பாதிரியார் ஞானஸ்நானப் பெயர் கேட்டாராம். தோன் அபுந்தியோ மேசையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு குதித்தார்.

"தூங்கறவனைக் கொன்னுட்டீங்களே, தோன்யா. கண்ணு எங்க போச்சு உங்களுக்கு? திங்கக்கிழம அவன் எந்திரிச்சாகணும். எப்படியோ போங்க, கனவுன்னு சொல்லுங்க, மூலிகைன்னு சொல்லுங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பிழைக்க வைப்பது பெரிய காரியமில்லை, எங்கள் நாடகத்தில் செத்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தவர்கள்தான். அவள் முகம் அதற்காகச் செத்திருக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "நேத்திலேருந்து அவர் தட்டலை, நபோர். தண்ணியான்னு கேட்டாலும் சாப்பாடான்னு கேட்டாலும் இல்லன்னு கூடத் தட்டலை. சுவத்தப் பாத்துப் படுத்திருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். திங்கள் காலை ஒத்திகைக்குப் பிரதி வேண்டும். சமையல் மேசையில் தட்டச்சு இயந்திரம், அதில் வெள்ளைத் தாள். திபுர்சியோ முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். ரொட்டியை அவர் பக்கம் நீட்டினேன். திரும்பவில்லை.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்," என்றாள் எர்மிலா. என்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "பதினோரு வருசமா படம் பாக்கறவ நான். படத்துல இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியாதா? ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும். பண்ணலை. ஏன்னா எனக்கு அப்படி இருக்கணும்போல இருந்துச்சு. முடிஞ்சா தேவலைன்னு இருந்துச்சு, திபுர்சியோ. நான் அவ்வளவு களைச்சுப் போயிட்டேன். கேட்டுட்டீங்கள்ல, இதான் உண்மை. என்னை மன்னிக்கலைன்னா பரவால்ல. தண்ணி மட்டும் குடிங்க."

எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. வாசல் கட்டிலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மாட்டிக்கொண்டேன்.

அவள் கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். வசனமில்லாத அச்சகப் படம். அந்த வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை, அவருக்கு ஹசிந்தோ எழுதியது தெரியாது. கட்டில் மேல் குனிந்து, சுவருக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் படத்தைப் பிடித்தாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றா இரண்டா என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க. இது என்ன?"

வெகுநேரம் பார்த்தார். பிறகு பலகையைத் தேடாமல் இடக்கையைத் தூக்கி, உள்ளங்கையைத் தன் கன்னத்துக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்காட்டினார். தூங்குகிறான்.

"ஆமா," என்றாள். "தூங்கறான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். அந்தக் கையை நீட்டி அவளைக் காட்டினார். மறுபடியும் கன்னத்தில் வைத்தார். மறுபடியும் அவளைக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. ஊகிப்பதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு அது புரியவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்களப் படுக்கச் சொல்றாரு, தோன்யா."

"பிரதி எழுதணும்," என்றாள். அவர் நல்ல பக்கத்துக் கையை ஊன்றி உடம்பைச் சுவரோரமாக நகர்த்த ஆரம்பித்தார். ஒரு சாணுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. நான் உதவப் போனேன், முறைத்தார். இடம் பண்ணி முடித்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த ஓரத்தில் படுத்து, படுத்த மாதிரியே தூங்கிப்போனாள்.

அன்று பிரதியை நான்தான் இரண்டு விரலால் தட்டி எழுதினேன். சந்தேகம் வந்த இடத்தில் திபுர்சியோவைப் பார்ப்பேன். அவர் உதட்டில் விரல் வைத்து என்னை அதட்டுவார். இயந்திரச் சத்தம் அவளை எழுப்பிவிடுமாம். கடைசியில் பென்சிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதி முடித்தேன்.