குட்டிக்குப் போட்ட சட்டை

பர்மா அரிசி வரத்து நின்றுபோய் ஊரே கேழ்வரகுக்கு மாறிய யுத்த காலத்தில்தான் என்னைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்தார்கள். சீர் என்று என் நைனா ஓட்டிவிட்டது ஒரே ஒரு சினைச் செம்மறி. சாட்சாத் லட்சுமியே வருகிறாள் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். என் மாமியார் சொல்லவில்லை.

அவருடைய ஒரே மகள், என் வயசுக்காரி, முந்தின வருஷம்தான் காய்ச்சலில் போயிருந்தாள். அதே வீட்டில் இன்னொரு சின்னப் பெண் வளைய வருவது அவருக்கு ஆகவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்தால் குடத்தைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை, எல்லாவற்றுக்கும் "இந்தா"தான். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அதை அடக்கி வைத்திருந்த பாடு எனக்குத்தான் தெரியும்.

தை மாதம் ஒரு விடியற்காலை, என் ஆடு குட்டியை ஈன்றுவிட்டுச் செத்துப்போனது. அன்றைக்கே மாமியாரின் ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. தாயில்லாத குட்டி ஒன்று, குட்டியில்லாத தாய் ஒன்று. சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். மாமியார் வளர்த்த ஆடல்லவா! என் குட்டியை மோந்து பார்த்தது, முட்டித் தள்ளியது. நான்கு தடவை விட்டேன், நான்கு தடவையும் தள்ளியது.

மாமியார் நிதானமாகச் சொன்னார்: "வந்த காலு அப்படி. இதுவும் போச்சின்னா நீ உங்க நைனா வூட்டுக்கே போயிடு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் புருஷன் தவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அம்மா பேசும்போது மாட்டுக்குத் தவிடு வைக்கப் போய்விடுவது அவர் வழக்கம்.

மிஷன் பங்களாவுக்குப் பால் ஊற்றுவது என் வேலை. அங்கே இருந்த பாதிரி தொரை, அவர் ஊரில் ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவர். ஊர்ப்பட்ட கதை சொல்லுவார். கோடையில் மந்தையோடு மலையேறினால் குளிர் வரும்வரை இறங்க மாட்டார்களாம். ஆடு மேய்க்கிற ஆம்பிளை, நடந்துகொண்டே கம்பளி நூலில் காலுக்கு மேஜோடு பின்னுவானாம். ஒரு விசிலுக்கு நாய் போய் மொத்த மந்தையையும் வளைத்துக்கொண்டு வருமாம். ஞாயிற்றுக்கிழமை அந்த நாய்களும் சர்ச்சுக்கு வந்து பெஞ்சுக்கடியில் படுக்குமாம். கடைசி ஜெபத்துக்கு ஜனம் எழுந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று எல்லாம் சேர்ந்து குரைக்குமாம், அதனால் ஜெபம் முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்களாம். நான் ஆங் ஆங் என்று கேட்டுக்கொள்வேனே தவிர ஒரு வார்த்தை நம்பியதில்லை. எங்கள் தெரு நாய் சோற்றுச் சட்டி சத்தத்துக்கு மட்டும்தான் எழுந்திருக்கும்.

அன்றைக்குப் பால் அளக்கும்போது அழுதுவிட்டேன். என்ன ஏது என்று கேட்டார், சொன்னேன். தொப்பியை மாட்டிக்கொண்டு, பேனாக்கத்தியோடு என் பின்னாலேயே வந்துவிட்டார். என் புருஷன் செத்த குட்டிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். தொரை அதை வாங்கி, மடியில் போட்டு, தோலை முழுசாக உரித்தார். காலுக்கு நான்கு ஓட்டை. அதை அப்படியே என் குட்டிக்கு மாட்டிவிட்டார். தன் குட்டியின் வாசனை வந்தால் ஆடு சேர்த்துக்கொள்ளுமாம், அவருடைய அப்பா வருஷா வருஷம் செய்கிற வேலையாம்.

தெருவே கூடிவிட்டது. தொரை தையல் வேலைக்கு வந்துவிட்டார் என்று சிரித்தார்கள். கை நீளமான சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி குட்டி தடுமாறி நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை கட்டுவதா வேண்டாமா என்பது அந்த ஆட்டின் மூக்கில் இருந்தது.

ஆடு குட்டியின் வால் பக்கம் மோந்தது. மறுபடி மோந்தது. தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் கொடுத்து, அசையாமல் நின்றது. குட்டி மடியைப் பிடித்துக்கொண்டது.

தொரை வேதப்புத்தகத் தமிழில் சொன்னார்: "மகளே, மூன்றாம் நாள் இதைக் கழற்றிவிடு. அதற்குள் இந்தத் தாயின் பால்மணம் குட்டியின்மேல் வந்திருக்கும்."

மாமியார் எல்லாவற்றையும் கதவோரம் நின்று பார்த்தார். சாயங்காலம் பெட்டியைத் திறந்து, மகளுடைய அரக்குப் புடவையை என் முன்னால் வைத்தார். "கட்டிக்கோ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் என்ன ஆட்டுக்குட்டியா? ஆனாலும் கட்டிக்கொண்டேன். அன்று களி உருண்டை கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது, மேலே நெய் வேறு. கோபத்தையும் சேர்த்து விழுங்கினேன். மறுநாள் தலை வாரிவிட்டார். பின்னால் அழுகிறார் என்று தெரிந்தது, நான் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் குட்டியின் சட்டையைக் கழற்றினேன். நாறிப்போயிருந்தது. ஆடு மோந்து பார்த்துவிட்டு, பேசாமல் பால் கொடுத்தது. மாமியார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பொடவைய மடிச்சிப் பெட்டில வெச்சிடு. உன்னுதயே கட்டிக்கோ," என்றார்.

அதற்கு முன்னால் என் பெயரைச் சொன்னார்.