ஆற்றுவாயில் நின்ற மோட்டார்

மோட்டார் முதல் தடவை நின்றபோது என் மகள் கமலம் தன் அம்மாவின் மடியில் கிடந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஆறு எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் கடல். கரையை ஒட்டியே போனால் பொந்தியான் பட்டணம் வரும். ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது.

தோட்டங்களில் பெட்ரோல் ஸ்டோர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆற்றுப்பக்கம் ஏதாவது மோட்டார் சத்தம் தடுமாறினால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன்.

1. எண்ணெய்க் கொட்டகை

பொந்தியான் கரையோரத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் நான் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கணக்குப் பார்க்கிற குமாஸ்தா. எங்கள் தோட்டத்துக்குச் சாலை கிடையாது. தபால், மருந்து, துரை எல்லாம் ஆற்று வழிதான். படகின் பின்பலகையில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் வந்த பிறகு, துடுப்புப் போட்டு நாள் முழுக்கப் போன வழி ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. அதை ஓட்டுகிறவர் காதர் நானா. நாகூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயதிலிருந்தே கடலில் இருந்தவர். அவருக்கு எண்ணெய் அளந்து கொடுப்பது என் வேலை.

இந்த மோட்டாருக்குப் பெட்ரோலையும் எஞ்சின் ஆயிலையும் கலந்தே ஊற்றவேண்டும். ஆயில் குறைந்தால் மோட்டார் இறுகிப்போகும், கூடினால் பிளக் கரி பிடிக்கும். டின்களைத் தரையில் வைக்காமல் பலகைமேல், நிழலில், கொஞ்சம் சாய்த்து வைக்கவேண்டும். நேராக வைத்தால் மேல்தகட்டில் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் சூடேறி ராத்திரியில் குளிர்கிற டின் அந்தத் தண்ணீரை மூடியின் மரை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதி டின்னாக நாள்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. காலியாக இருக்கிற பாகம் உள்ளுக்குள்ளே வியர்க்கும். டாங்கில் ஊற்றும்போது மெல்லிய தோல் கட்டிய புனலில் வடிகட்டவேண்டும். பெட்ரோல் இறங்கிவிடும், தண்ணீர் தோல்மேல் முத்து முத்தாக நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்த எதிரி தண்ணீர் ஒன்றுதான். நான் குனிந்து குனிந்து வடிகட்டுவதைப் பார்த்து நானா கேலி செய்வார்: “பெத்த புள்ளைக்குக்கூட இப்படிப் பால் வடிகட்டிக் குடுத்திருக்க மாட்டீங்க, கிராணியாரே.”

2. பூசை

ஆயுத பூசையன்று தோட்டத்தில் எல்லாக் கருவிகளையும் கழுவித் துடைத்து ஸ்டோர் வாசலில் வரிசையாக வைப்போம். தேங்காய் உரிக்கிற கம்பி, கத்தி, தராசு, யாரோ ஒருவர் வீட்டுத் தையல் மெஷின். சென்ற வருஷம் படகு மோட்டாரும் வந்தது. நானா அதைக் கழற்றித் துடைத்து, நான் கொடுத்த எண்ணெயை டாங்கில் நிரப்பி, ஒரு மரச்சட்டத்தில் நிறுத்தி வைத்தார். பிறகு எப்போதும்போலத் தள்ளிப்போய்ச் சுண்டலுக்குக் காத்திருந்தார்.

சந்தனம் வைக்கிற வேலையைக் கமலம் கேட்டு வாங்கிக்கொண்டாள். தொண்டை கரகரக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். சளி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்திருந்தோம். மோட்டாரின் உச்சியில் டாங்கின் பித்தளை மூடி பளபளவென்று இருந்தது. அதுதான் அதற்கு நெற்றி என்று நினைத்திருப்பாள். சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். அன்று முழுக்க யாரும் கருவிகளைத் தொடவில்லை. அதுதான் வழக்கம்.

மறுநாள் காலை அவளால் எச்சில் விழுங்க முடியவில்லை. தோட்டத்தில் டாக்டருக்குப் பதிலாக இருக்கிற டிரெஸ்ஸர் கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல்போல ஏதோ படர்ந்திருந்தது.

“இதுக்கு உண்டான ஊசி மருந்து என்கிட்ட இல்ல,” என்றார். “பொந்தியானுக்குக் கொண்டு போங்க. தோல் பரவிச்சுன்னா மூச்ச அடைச்சிரும். வழியில எங்கயும் நிக்காதீங்க.”

துரை நான் சொல்லி முடிப்பதற்குள் படகை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். நானா மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு படகு கட்டுகிற ஜெட்டிக்கு ஓடினார். என் மனைவி செல்லம் பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள்.

3. ஆற்றுவாய்

ஆற்றில் மோட்டார் நன்றாக ஓடியது. கடல் தண்ணீர் படகைத் தூக்க ஆரம்பித்த இடத்தில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நானா மோட்டார்ச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மறுபடியும் சுற்றி இழுத்தார். அது பிடிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எண்ணெயில தண்ணி இருக்கு, கிராணியாரே.”

அந்த எண்ணெயைக் கொடுத்தவன் நான். புனலை எடுத்தேன். சூடான மோட்டாரின்மேல் பெட்ரோல் சிந்தினால் படகோடு எரிந்துபோவோம். அதனால் ஆறும்வரை காத்திருந்தோம். அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. நானா மூடியைத் திறந்து டாங்கைக் கழற்றி டின்னில் கவிழ்த்தார். அலைத் தண்ணீர் தெறிக்காதபடி செல்லம் போர்வை நுனியைக் குடைபோலப் பிடித்தாள். நான் வடிகட்டினேன். தோலில் ஒரு முத்துக்கூட நிற்கவில்லை. திரும்ப ஊற்றி மூடிக் கயிற்றை இழுத்ததும் ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. ஏன் நின்றது, ஏன் ஓடுகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. செல்லம் முதல் முறையாகக் கண்ணைத் துடைத்தாள்.

கடலுக்குள் நட்டிருந்த ஒரு மீன்பொறியின் கம்பு வரிசைக்கு அருகில் மோட்டார் மறுபடியும் இருமி நின்றது.

சுமத்ரா பக்கத்து வானம் கறுத்திருந்தது. காற்று எங்களைக் கம்புகள்மேல் தள்ளியது. மோதினால் படகு கிழியும். நானா துடுப்பைக் கம்பில் ஊன்றித் தன் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு, “மோட்டாரை நீங்க பாருங்க, என்னால கையெடுக்க முடியாது,” என்றார்.

அப்போது செல்லம் சத்தமில்லாமல் சொன்னாள்: “என்னங்க, இவ மூச்சு விடுறது எனக்குக் கேக்கல.”

நான் குனிந்தேன். மெல்லிய விசில்போல ஒரு சத்தம் வந்தது. இருந்தாள். நெஞ்சுக்குழி உள்ளே உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்தது வடிகட்டுவது ஒன்றுதான். ஆறட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மூடியைத் திருகினேன். அது வரவில்லை. யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துத் திருப்பியதும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. கட்டைவிரலைப் பார்த்தேன். மஞ்சளாகக் காய்ந்த பொடி. சந்தன வாசனை.

அந்த மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. டாங்கிலிருந்து எண்ணெய் கீழே இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு எண்ணெய் இறங்காது. முதல் தடவை மூடியைத் திறந்ததால்தான் மறுபடி ஓடியிருக்கிறது, வடிகட்டியதால் அல்ல.

மூடியை நானாவுக்குக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“காலையில பாத்தேன். தொடைக்கலாமான்னு நெனச்சேன்,” என்றார். “உங்க சாமிக்கு வெச்சது, நான் கை வெக்கக்கூடாதுன்னு விட்டுட்டேன்.”

செல்லம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளின் காதைப் போர்வையால் மூடிவிட்டு, வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். நான் ஓட்டையைக் குத்தி, வாய் வைத்து ஊதி, அடுத்த பக்கம் காற்று வருகிறதா என்று உள்ளங்கையில் பார்த்தேன். வந்தது. மூடியைப் போட்டுக் கயிற்றை இழுத்தேன்.

பொந்தியான் ஜெட்டி வரும்வரை நான் மகளைப் பார்க்கவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை எங்களைப் பிடித்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். ஊசி போட்டார்கள். அன்றைக்கும் மறுநாளும் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அதற்கடுத்த நாள் கஞ்சி கேட்டாள்.

4. இந்த வருஷம்

எண்ணெயைக் காப்பது என்றால் உள்ளே எதுவும் போகாமல் அடைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஸ்டோரில் இருக்கிற டின்னுக்கு அது சரி. ஓடுகிற டாங்குக்குச் சரியில்லை. அதற்குள் காற்று போயாகவேண்டும். மோட்டார் கொஞ்சம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால், எண்ணெயைத் திட்டுவதற்கு முன் மூடியைப் பாருங்கள்.

அந்தப் பொட்டைப் பற்றிக் கமலத்திடம் நாங்கள் சொல்லவில்லை. குரல் இன்னும் முழுதாகத் தெளியவில்லை; மற்றபடி நன்றாக இருக்கிறாள். இந்த வருஷப் பூசைக்கும் சந்தனக் கிண்ணத்தோடு வந்து மோட்டார் முன்னால் நின்றாள். தள்ளி நின்றிருந்த நானா நேராக வந்து, மூடியைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“இங்க வேணாம் பாப்பா. அது மூச்சு விடுற எடம்.”

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு டாங்கின் பக்கவாட்டில், கீழே தள்ளி, சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

பூசை நாளில் கருவிகளைத் தொடக்கூடாது என்பது வழக்கம். எல்லோரும் போன பிறகு நான் தொட்டேன். ஓட்டை திறந்துதான் இருந்தது. இருந்தாலும் ஊக்கால் ஒரு தடவை குத்திப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.