சாம்பிராணி காட்டிய லென்ஸ்

எங்கள் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆண்களை விடமாட்டார்கள். அந்த ஒரு வழக்கத்தின் தயவில்தான் என் அம்மா மதுரையில் போட்டோகிராபர் ஆனாள். அவளிடம் ஒரு ஃபிலிம் கேமராவும் மூன்று லென்ஸும் இருந்தன. அதில் நீளமான லென்ஸ்தான் அவளுக்கு உயிர். மணப்பெண்ணின் கிட்டே போகாமல், தூணோரம் நின்றபடி, அந்தப் பெண் தன்னை மறந்து சிரிக்கும் நேரம் பார்த்து எடுப்பாள். ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இது நானாக்கா?" என்று கேட்காத மணப்பெண்ணே இல்லை.

பிறகு டிஜிட்டல் வந்து சேர்ந்தது. கல்யாணம் பேச வருகிறவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எடுத்த ஒடனே பாக்கலாமாக்கா?" முடியாது என்றதும் டீயைக் குடித்துவிட்டு வேறு ஆள் தேடிப் போனார்கள். அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அம்மாவின் கையில் ஒரு கல்யாணம்கூட இல்லை. பழைய லென்ஸ்கள் புதுக் கேமராவில் பொருந்தாதாம். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாக வாங்கிவிடு என்றார் என் அப்பா; அவரை நாங்கள் அத்தா என்போம். அம்மாவும் காலையில் தோசை ஊற்றும்போது சரி என்பாள். மதியம் துணி மடிக்கும்போது, "அடுத்த மாசம் பாப்பமே" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புதுக் கேமராவின் முதுகில் நம் மூஞ்சி உடனே தெரியும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குப் பாடமே ஏறவில்லை.

ஒருநாள் மதியம் அம்மா என்னைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். ஜன்னலை அட்டையால் மறைத்து, நடுவே ஓட்டை போட்டு, நீள லென்ஸை அதில் பொருத்தினாள். அதன் பின்னால் நாலு விரல் தள்ளி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தாள். அடேயப்பா! உள்ளங்கை அகலத்துக்கு எங்கள் தெரு தலைகீழாகத் தெரிந்தது. வானம் கீழே கிடந்தது. பழ வண்டி, சைக்கிள், குடை பிடித்த ஒரு அம்மா எல்லாம் சத்தமே இல்லாமல் மிதந்து போயின. வெளியே அம்புட்டு இரைச்சல். தாளில் மட்டும் தெரு தூக்கத்தில் நடப்பதுபோல நடந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் சொருகியது. அம்மா தாளைக் கீழே வைக்கவே இல்லை.

கடைசியில் அத்தாவே ஆள் பிடித்தார். மேலூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், பழைய லென்ஸ்களை விரும்பி வாங்குகிறவர். வெள்ளிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டில் வியாழன் மாலையானால் மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணி காட்டுவோம். அன்று அத்தா, விற்பனையில் அல்லாஹ்வின் பரக்கத் வேண்டும் என்று லென்ஸ்களின் மூடியையும் கழற்றி வைத்து, முன்னும் பின்னும் புகை காட்டினார். போதாது என்று இன்னொரு பிடி அள்ளிப் போட்டார். வீடே மேகத்துக்குள் போய்விட்டது. நான் விசிறிக்கொண்டு நின்றேன். புகைக்குள் அத்தா நல்ல மனிதராகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேலூர்க்காரர் நீள லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன பாய், பால் மாதிரி மங்கிக் கெடக்கு? உள்ள ஃபங்கஸ் புடிச்சிருச்சா?"

கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்தால் அந்த லென்ஸ் குப்பைக்குத்தான்.

"தொடச்சாப் போயிருமா?" என்று வந்தவர் கர்ச்சீப்பை எடுத்தார்.

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "தொடச்சுப் பாத்தாச்சுண்ணே. போகமாட்டேங்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா அதைத் துடைக்கவே இல்லை! திரையோரம் நின்றிருந்த நான், சாம்பிராணிப் புகைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். திரைக்குள்ளிருந்து வந்த கை என் தொடையில் நறுக்கென்று கிள்ளியது.

"இது இல்லாம மத்த ரெண்டும் எனக்கு எதுக்கு பாய்? வாரேன்" என்று அவர் எழுந்து போய்விட்டார். அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

அம்மா லென்ஸை ஊதி ஊதி முந்தானையால் துடைத்தாள். நாலே தேய்ப்பில் பளிச்சென்று ஆகிவிட்டது.

"ஏம்மா அப்டிச் சொன்ன?"

"உங்கத்தா ஆசையா காட்டுன புகைடி. அதாலதான் இப்படி ஆச்சுன்னு ஊரான் முன்னால சொன்னா மனுசன் தாங்குவாரா?"

அத்தாவின் மானத்துக்காகத் தன் புதுக் கேமராவையே விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையேந்தி, வாய்விட்டே துஆ கேட்டேன்: "யா அல்லாஹ், அந்த மேலூர் மாமாவைத் திரும்ப அனுப்பி, எங்கம்மா லென்ஸை வாங்க வச்சிரு." நான் எதைக் கேட்டாலும் முதல் ஆளாக ஆமீன் சொல்லும் அம்மா, அன்று சொல்லவில்லை. காதில் விழவில்லை போல என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன்.