இரண்டு கார்களும் ஒரு சத்தமும்

காதுக்காரருக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் கதவை இரண்டு முறை திறந்து மூடுவார். பிறகு மேஜையை விரல் முட்டியால் தட்டுவார். நாற்காலியை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போனவர், நலம் விசாரிக்க வந்தவர்களை விட்டுவிட்டு பீரோவின் கீலில் காதை வைத்துக்கொண்டு நின்றார். "மாப்பிள்ளை எதையாவது தொலைச்சிட்டாரா?" என்று மாமனார் மகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாராம்.

பார்க்கும் வேலையும் அதற்கு ஏற்றதுதான். கார்களை ஒப்பிட்டு எழுதும் மாதப் பத்திரிகை ஒன்றில் இருந்தார். அதுவும் வேகக் கார்கள். வயசுப் பிள்ளைகள் சுவரில் படம் ஒட்டி வைத்துக்கொண்டு, வாங்க வழியில்லாமல் பெருமூச்சு விடுகிற ரகம். ஒவ்வொரு இதழிலும் இரண்டு கார்களை மோதவிடுவார்கள். மதிப்பெண்ணில் பாதி ஓட்டத்துக்கு, பாதி கட்டுமானத்துக்கு. ஓட்டம் பார்ப்பவனை 'விநாடி' என்று கூப்பிடுவார்கள். கட்டுமானம் இவருடையது.

முன்பெல்லாம் விநாடி கையில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு பெரிய ஆளாக வலம் வந்தான். பிறகு கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற சின்னப் பெட்டி ஒன்று வந்தது. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட எவ்வளவு நேரம், பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் என்று அதுவே சொல்லிவிடும். விநாடியின் மவுசு இறங்கிவிட்டது. சத்தம் அளக்கும் கருவியும் ஒன்று வந்தது. ஆனால் டேஷ்போர்டுக்குள் ஒரு கிளிப் தளர்ந்து முனகுவதும், பக்கத்தில் லாரி போவதும் அதற்கு ஒன்றுதான். இரண்டுக்கும் எண்ணைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. அது அலமாரிக்குள் போய்விட்டது. காதுக்காரர் தப்பித்தார்.

கண்ணை மூடிக்கொண்டு கதவைச் சாத்தினால் ரப்பர் எந்த மூலையில் சரியாக உட்காரவில்லை என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை எடுத்துவிட்டால் தன்னிடம் பாக்கி இருப்பது ஒரு தொப்பையும் ஓட்டுநர் உரிமமும்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். உள்ளுக்குள் அது அவருக்குச் சிரிப்பு விஷயமில்லை. அந்தக் காதால்தான் அலுவலகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது.

அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருவரும் காரில் போகும்போது அவள் எதையாவது சொல்ல வாயெடுப்பாள். "ஸ்ஸ்... பேசாம வா" என்று இவர் கையைத் தூக்குவார். பின் சீட்டில் ஏதோ உராய்கிறதாம். அவள் சொல்ல வந்த எத்தனையோ விஷயங்கள் இப்படிப் பாதி வழியிலேயே இறங்கிப் போயிருக்கின்றன. கேட்டால், "உனக்கென்ன தெரியும், உன் வேலை கண்ணு, என் வேலை காது" என்பார். அவளும் விட்டுவிடுவாள்.

அந்த மாதம் வந்தவை ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும். விலை ஏறக்குறைய ஒன்று. இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று கண்ணில் கண்டால் ஆகாதவை. சிவப்பு, காலை வைத்ததும் பாய்ந்தது. கறுப்பு ஒரு மூச்சு தயங்கி, டர்போ விழித்துக்கொண்ட பிறகு முதுகில் கைவைத்துத் தள்ளியது. வளைவுகளில் கறுப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது, சிவப்பு பின்பக்கத்தைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டியது. மலைச் சரிவில் திரும்பத் திரும்ப பிரேக் போட்டதும் சிவப்பின் பெடல் தொளதொளத்தது. சிவப்பின் பானெட்டில் ஒரு பக்க இடைவெளியில் நகம்தான் நுழையும், மறுபக்கம் விரலே நுழையும். ஆனால் சீட்டும் தையலும் கியர் விழுகிற அழகும் சிவப்பில்தான். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இரண்டும் தோளோடு தோள் நின்றன.

"இனிமே உங்க காதுதாண்ணே முடிவு" என்றான் விநாடி.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு கான்கிரீட் சாலை இருந்தது. பாதி தூரம் இணைப்புக்கு இணைப்பு தடதடக்கும், மீதி தூரம் வழவழவென்றிருக்கும். காதுக்காரர் சிவப்பை அங்கே ஓட்டினார். தடதடப்பில் குறை எதுவும் தெரியவில்லை. வழவழப்பான இடத்துக்கு வந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கார் தானாக உருண்டது. அப்போதுதான் கேட்டது. ஊசி முனை போல மெல்லிய ஒரு 'ஙீ...'. ஏசி காற்று வருகிற பக்கம். கண்ணாடியை இறக்கினால் மறைந்தது, ஏற்றினால் வந்தது.

"மாட்டிக்கிட்டியா" என்று காரைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு ஒரே குஷி. சிவப்புக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, கறுப்பில் ஏறினார். அதே சாலை, அதே இடம். காலை எடுத்தார். அதே 'ஙீ...'.

விநாடியைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி ஓட்டினார்.

"கேக்குதா?"

"இல்லையேண்ணே."

"நல்லா கேளு. வலது பக்கம்."

"எனக்கு டயர் சத்தம்தான் கேக்குது."

"உனக்கு இருக்கறது காதா, கைப்பிடியா?"

விநாடி, வருஷக்கணக்காக இந்த மனிதரிடம் பட்டது போதும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மத்தியானம் முழுவதும் காதுக்காரர் பணிமனையில் குனிந்து கிடந்தார். இரண்டு கார்களின் டேஷ்போர்டுகளையும் பிளாஸ்டிக் நெம்புகோலால் கழற்றினார். காற்றுக் குழாயின் மூடிக்குள் பஞ்சு அடைத்தார். ஒயர்களை ஒன்றோடொன்று உரசாமல் கட்டினார். மறுபடி மாட்டி ஓட்டினால், பழைய குருடி கதவைத் திறடி. இரண்டு எதிரிக் கார்களில், ஒரே இடத்தில், ஒரே சத்தம். அப்படியென்றால் இரண்டு கம்பெனிகளும் உள்ளே வைத்திருப்பது ஒரே இடத்தில் வாங்கிய ஒரே மட்டமான சாமான். அவருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எண்ணெய்க் கையோடு ஆசிரியரின் அறைக்குள் போய்விட்டார்.

ஆசிரியரான அந்த அம்மாள் எதற்கும் எழுந்து நிற்காதவர். இதைக் கேட்டு எழுந்து நின்றார்.

"நிச்சயமா சார்?"

"என் காதால கேட்டேன் மேடம்."

"அது போதும். அட்டையில போட்டுடலாம். மேல ரெண்டு வெவ்வேற முகம், உள்ள ஒரே சரக்கு. நாளைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகணும், எழுதிக் குடுத்துடுங்க."

காதுக்காரர் வானத்தில் பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி இன்னும் கடையிலிருந்து வரவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சமையலறையில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். டம்ளரை வைத்தார். 'ஙீ...' என்றது.

ஃபிரிட்ஜ்தான் என்று நினைத்தார். அதன் காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தார். நிற்கவில்லை. ஃபிரிட்ஜையே அணைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தை இறக்கி பேட்டரியைப் பிடுங்கினார். கடைசியில் மீட்டர் பெட்டியைத் திறந்து மெயினையே அணைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் ஓர் ஈ கூடப் பறக்கவில்லை. சத்தம் மட்டும் இருந்தது. ஏசிக் குழாயும் இல்லாமல், டேஷ்போர்டும் இல்லாமல், அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில், அல்லது காதுக்குள்ளேயே.

எத்தனை வருஷம் இந்த உறுமல்களுக்கு நடுவில் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். மனைவி வந்து, "கரன்ட் இல்லையா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தானே போய் மெயினைப் போட்டாள்.

சாப்பிடும்போது அவள் கடைக் கதை ஒன்றைச் சொன்னாள். "இன்னைக்கும் ஒருத்தர் வந்தாரு. பலகையில மூணாவது வரியே தெரியல. கேட்டா, கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு, நீங்கதான் எழுத்தைச் சின்னதா அடிச்சு வெச்சிருக்கீங்கங்கறாரு. வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

காதுக்காரர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலைச் சாத்தினார். சொல்லாமல் இருந்தால் அட்டையில் பொய் வரும். இரண்டு கம்பெனிகளின் பெயரும் கெடும், ஒரு கிளிப் கூடத் தப்பாக மாட்டாதவர்களின் உழைப்பு நாறிப்போகும். சொன்னால், காது போன காதுக்காரரை வைத்துக்கொண்டு பத்திரிகை என்ன செய்யும்? விநாடியிடம் கைப்பிடி என்று சொன்னது வேறு நினைவுக்கு வந்து குத்தியது.

மறுநாள் காலையில் மனைவி கடைக்குக் கிளம்பும்போது, "இன்னைக்கு லீவு போடு. எங்கூட ஒரு இடத்துக்கு வா" என்றார். கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவள் பதறிப்போய்க் கடைக்கு போன் செய்து, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

அவளைக் கிடங்குச் சாலைக்கு அழைத்துப் போனார். முதலில் கறுப்பு. தடதடப்பான பகுதியில் மெதுவாக ஓட்டிக்கொண்டே, "ஏதாவது கேட்டா சொல்லு" என்றார்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"சொல்லேன்."

அவள் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தலையைச் சாய்த்தாள். "டிக் டிக்னு ஒண்ணு கேக்குதே."

"எங்க?"

"என் பக்கம். தோளுக்கு மேல. உங்களுக்குக் கேக்கலையா? நல்லாத்தானே கேக்குது."

காதுக்காரருக்குக் கேட்கவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தார். 'ஙீ...' மட்டும்தான் இருந்தது, எல்லாவற்றின் மீதும் விரித்த துணி மாதிரி. அவர் கறுப்பின் கட்டுமானத்தைப் பற்றி, இந்தக் குழாய்ச் சத்தத்தைத் தவிர குண்டுமணி அளவு குறையில்லை என்று நேற்று எழுதி வைத்திருந்தார்.

"இன்னொரு தடவை போறேன். எங்கன்னு கை வெச்சுக் காட்டு."

திரும்பிப் போய் மறுபடி வந்தார்கள். அவள் கையை மேலே கொண்டுபோய்த் தடவித் தடவி, சீட் பெல்ட் வந்து விழுகிற இடத்தில், கூரையைத் தாங்கும் தூணை மூடியிருந்த பிளாஸ்டிக்கின் மேல் விரலை அழுத்தினாள்.

"இதோ, இங்கதான். இப்ப நின்னுடுச்சு பாருங்க."

அவர் காரை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நிக்கல" என்றார்.

"என்னது?"

"எனக்கு ஒரு சத்தம் நிக்கவே மாட்டேங்குது. கார்லயும் கேக்குது, வீட்லயும் கேக்குது. நேத்து நான்தான் மெயினை அணைச்சேன்."

அவள் தூணிலிருந்து கையை எடுத்து அவர் முழங்கை மேல் வைத்தாள். அவருக்கு அழுகை முட்டியது. நல்லவேளையாக, ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை.

"கடைக்கு எதிர்லயே காது டாக்டர் இருக்காரு. இன்னைக்கே போறோம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "எழுத்து சின்னதா அடிக்கலைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. எங்க கடைக்கு வர்றவங்க இதுக்கே ஒரு வருஷம் எடுத்துக்குவாங்க" என்றாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்.

போனை எடுத்து ஆசிரியரைக் கூப்பிட்டார்.

"மேடம், அட்டையை நிறுத்துங்க. ரெண்டு வண்டியிலயும் அந்தச் சத்தம் இல்ல."

"என்ன சார் சொல்றீங்க? அட்டை ரெடியாயிடுச்சு. நீங்கதானே காதால கேட்டேன்னீங்க?"

"கேட்டேன். அது என் காதுலதான் இருக்கு மேடம். வண்டியில இல்ல."

"அப்ப இந்த மாசம் கட்டுமானத்தை யார் பாக்கறது?" என்று கேட்டார் ஆசிரியர். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் காதுக்காரருக்கு அதிகமாக வலித்தது.

"கறுப்புல இடது தூண்ல ஒரு கிளிப் தளர்ந்திருக்கு. அதை எழுதிக்கலாம். சிவப்பைச் சாயங்காலத்துக்குள்ள பாத்துச் சொல்றோம்" என்றார்.

"சொல்றோம்னா?"

"நேர்ல வந்து சொல்றேன் மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.

பணிமனைக்குப் போய்க் காரை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார்கள். சிவப்பின் சீட்டைத் தடவிப் பார்த்து, தையல் நன்றாக இருக்கிறது என்றாள் மனைவி. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தடதடப்பான பகுதி தொடங்கியது. காதுக்காரரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. டாக்டர் என்ன சொல்வார், விநாடியிடம் எப்படிப் போய் முகத்தைக் காட்டுவது, அடுத்த மாசம் ஆசிரியர் தன்னை என்ன செய்வார் என்று எல்லாமாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

"இங்க பாரு, ஒருவேளை அந்த டாக்டர்..." என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினாள்.

"ஸ்ஸ்... பேசாம வாங்க."

அவர் பேசாமல் ஓட்டினார்.