ஐந்தாம் வார்டு பூங்கா

பேரூராட்சி ஆபீஸில் இன்னாசியை எல்லோரும் கவுன்சிலர் என்றுதான் கூப்பிடுவார்கள். கவுன்சிலர் அவர் இல்லை. ஐந்தாம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. நின்று ஜெயித்தது அவர் மனைவி ரெஜினா. ஆனால் தேர்தல் போஸ்டரில் ரெஜினாவின் முகம் தபால்தலை அளவு, இன்னாசி கும்பிடுகிற படம் ஆள் உயரம். ஜெயித்த மறுநாளே நாலு வெள்ளை வேட்டி எடுத்துக்கொண்டார்.

உழைக்க மாட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவருக்குத்தான் போன் வரும். அடுத்த நிமிஷம் பைக்கில் அங்கே நிற்பார். மாதா கோயில் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டபோது, ஆபீஸ் ஆள் வருகிற வரை பொறுக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கி மண் எடுத்தவர். அந்த நேரமெல்லாம் ரெஜினா வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். மாதம் ஒரு தரம் மன்றக் கூட்டத்துக்குப் போவாள், டீயும் பிஸ்கட்டும் சாப்பிடுவாள், எல்லோரும் கை தூக்கும்போது தூக்குவாள், வருவாள்.

இன்னாசி மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவர். அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போனபோது கூடவே போனார். திரும்பி வந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்துவிட்டிருந்தார்கள். அப்புறம் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பலகை அடித்து மட்டம் பார்ப்பதில் அவரை ஒரு ஆள் குறை சொன்னது கிடையாது. ஆனால் படிப்பது வேறு. சின்னச் சொல் என்றால் எழுத்துக் கூட்டிச் சொல்லிவிடுவார். நீளமான சொல் வந்தால் கடைசி எழுத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும்.

இதை ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றுவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பார். பக்கத்தில் யாராவது ஒரு செய்தியைப் பேசினால், "ஆமாம்பா, நானும் பாத்தேன்" என்பார். யாராவது ஒரு காகிதத்தை நீட்டிவிட்டால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "அட, கண்ணாடிய வூட்லயே வெச்சுட்டேன்" என்பார். கண்ணாடி என்று ஒன்று அவர் வாங்கியதே இல்லை.

ரெஜினா எட்டாவது பாஸ். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையும் எட்டாவது என்றுதான் சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். கேட்டதில்லை.

போன மார்கழி மாதம் அஜெண்டா வந்தது. மன்றக் கூட்டத்தில் என்னென்ன பேசப்போகிறார்கள் என்று அச்சடித்த நாலு பக்கம். ஆபீஸ் ஆள் வழக்கம்போல இன்னாசி கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மூன்றாம் பக்கத்தில் ஐந்தாம் வார்டு என்று இருந்தது. அதற்கு மேலே இரண்டு வரி முழுக்க நீள நீளமான சொற்கள். அவற்றைத் தாண்டினார். "வளம்" என்பது வந்தது. "பூங்கா" என்பது பளிச்சென்று வந்தது. நடுவில் ஒரு சொல். அதை விட்டுவிட்டார்.

பூங்கா! சங்கராபுரத்துக்கு பஸ் ஏறிப் போனால்கூடக் குழந்தைகள் ஆட ஒரு ஊஞ்சல் கிடையாது. நம்ம வார்டில், மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் கிடக்கிற புறம்போக்கில், பூங்கா!

அந்த மாதம் ரெஜினாவுக்குப் பொங்கல் ஜாக்கெட் தைத்து மாளவில்லை. கூட்டத்துக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தீர்மான நோட்டு வீட்டுக்கே வந்தது. அப்படி வருவது தப்புதான். ஆனால் வரும். இன்னாசி அதைத் தையல் மிஷின் மேல் வைத்து, விரலால் இடத்தைக் காட்டினார்.

"இங்க போடு."

"இன்னாங்க இது? நான் ஒரு தரம் பாக்கட்டுமா?"

"ஏன், நான் பாத்தது பத்தாதா? நம்ம வார்டுக்குப் பூங்கா வருது. கழுத கணக்கா யோசிச்சிக்கினு."

ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். ஊசியில் துணி அப்படியே இருக்க, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கே இன்னாசி தெரு முழுக்கச் சொன்னார். பெஞ்சு எங்கே, ஊஞ்சல் எங்கே, நடைபாதை எங்கே என்று காலால் மண்ணில் கோடு போட்டே காட்டினார். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சின்னதுரை மட்டும் நம்பவில்லை. ரெஜினாவை எதிர்த்து நின்று முப்பது ஓட்டில் தோற்றவள் அவர் மனைவி.

"எங்க தெருவுக்கா? பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

மாசியில் பொக்லைன் வந்தது. முள் எல்லாம் வாரிப் போட்டது. இன்னாசி வெயிலில் குடைகூட இல்லாமல் நின்று மேற்பார்வை பார்த்தார். தகர ஷெட்டுக்குக் கம்பம் நட்டபோது, உட்கார நிழல் என்று நினைத்துக்கொண்டார். சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக எழும்பியபோது, பூச்செடிக்கு என்று தானே சொல்லிக்கொண்டார். நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் கேட்டார்.

"தம்பி, ஊஞ்சல் எந்தப் பக்கம் வருது?"

அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினான். "ஊஞ்சலா? இன்னா அண்ணே, குப்பைய ஊஞ்சல்ல வெச்சு ஆட்டப் போறீங்களா?"

"குப்பையா?"

"ஆமா. ஊரு குப்பை மொத்தம் இங்கதான் வரும். மக்குறது இந்தத் தொட்டியில, மக்காதது ஷெட்ல. கவுன்சிலருக்குத் தெரியாததா?"

அங்கே பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சாலம்மாள் அதில் ஒருத்தி. பேரூராட்சியில் தூய்மைப் பணி பார்க்கிறவள். காலையில் தள்ளுவண்டியில் குப்பை வாங்குவாள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வளம் மீட்பு பூங்காவா இது? அய்யோ, ஆபீஸ்ல குப்பைக் கிடங்க அப்படித்தான்யா சொல்லுவாங்க! நீ வெறும் பூங்கான்னு இல்ல சொன்ன? முழுப் பேரச் சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனே."

இன்னாசி கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தடவினார். பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போகிற மாதிரி போய், ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மேற்கே மலை தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் அதையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஆபீஸ்காரனுங்க மாத்திப்புட்டானுங்க" என்றார் ரெஜினாவிடம். "நான் படிச்சப்ப பூங்கான்னுதான் இருந்துச்சு."

ரெஜினா சோறு போட்டாள்.

பொய் சொன்னதோடு அது முடிந்திருந்தால் பரவாயில்லை. தெருவில் வேறு பேச்சு கிளம்பியது. கவுன்சிலரம்மா கையெழுத்து இல்லாமல் நம்ம வார்டில் குப்பை கொட்ட முடியுமா? சும்மாவா போட்டிருப்பாள்? கவர் வந்திருக்கும். புதுசா ஒரு மிஷின் வாங்கினாளே, எப்படி? அந்த மிஷின் தவணையில் வாங்கியது, கூடப் போய் எடுத்து வந்தவரே இன்னாசிதான். தண்ணீர்க் குழாயில் ரெஜினா போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ரெஜினா உட்கார்ந்த வரிசையில் இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள். இன்னாசி ஆண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார். பார்த்தும் குனிந்துகொண்டார். பூசை முடிகிற வரை தலை நிமிரவில்லை.

நான் படிக்கத் தெரியாமல் சொன்னேன், அவள் கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். இவ்வளவுதான் விஷயம். ஒரு வாய்ச் சொல். அதைச் சொன்னால் ரெஜினா பேர் தப்பிக்கும். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பார். டீக்கடையில் நாலு பேர் முகத்தைப் பார்த்ததும், "ஆபீஸ்காரன் பண்ண வேலைப்பா" என்று வாய் தானாகச் சொல்லும்.

பங்குனியில் ஏரியா சபை வைத்தார்கள். வார்டு ஜனங்கள் நேரில் குறை சொல்கிற கூட்டம். மாதா கோயில் முன்னால் துணிப்பந்தல் போட்டு, காலை பதினொரு மணிக்குச் செயல் அலுவலர் வந்தார். ரெஜினாவுக்கு அவர் பக்கத்தில் நாற்காலி. இன்னாசி வழக்கமாக மைக் பிடிப்பவர். அன்றைக்குப் பந்தல் கால் ஓரமாக நின்றார்.

சின்னதுரை முதலில் எழுந்தார். "சார், எங்க வூட்டுப் பின்னாடியே குப்பைக் கிடங்கு கட்றீங்க. யாரக் கேட்டுக்கினு கட்றீங்க?"

"மன்றத்துல தீர்மானம் போட்டிருக்குங்க. உங்க வார்டு உறுப்பினரே ஒப்புதல் குடுத்திருக்காங்க." அலுவலர் நோட்டை விரித்து முழுவதையும் படித்தார். திடக்கழிவு மேலாண்மைத் திட்டத்தின் கீழ் என்று தொடங்கியது. இன்னாசி தாண்டிப் போன அந்த இரண்டு வரி அதுதான். காதால் கேட்டபோது ஒன்றும் கஷ்டமில்லாமல் புரிந்தது.

"கேட்டீங்களா?" என்று சின்னதுரை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எவ்ளோக்கு வித்தீங்க கவுன்சிலரம்மா எங்க தெருவ? ஜாஸ்தியா, கம்மியா? அதையாவது சொல்லுங்க."

ரெஜினா எழுந்தாள். மைக் இல்லாமலே பேசினாள். "நான் ஒரு பைசா வாங்கல. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"எட்டாவது படிச்சவ, படிக்காமயா போட்ட?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கத உடாத!"

சிரித்தார்கள். ரெஜினா கண் நேராக இருந்தது. பந்தல் கால் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்திருப்பார்கள். அதற்காகத்தான் திரும்பவில்லை என்பது இன்னாசிக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் இப்படித்தான் திரும்பாமல் இருக்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"சார்" என்றார். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி, "சார், அவ மேல தப்பு இல்ல."

அலுவலர் நிமிர்ந்தார். புதிதாக மாறி வந்தவர். "நீங்க யாரு?"

இந்தக் கேள்வியை இன்னாசியிடம் ஊரில் யாரும் கேட்டதில்லை. "யாருமில்ல சார். அவங்க வூட்டுக்காரன். அஜெண்டா என் கையில வந்துச்சு. அவ படிக்கிறேன்னு கேட்டா. நான் உடல. எனக்கு... எனக்குப் படிக்க வராது சார். பூங்கான்னு மட்டும்தான் தெரிஞ்சுது. அதையே சொல்லிப் போட வெச்சேன்."

சின்னதுரை, "தினம் பேப்பர் படிப்பியேய்யா?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"படம் பாப்பேன்" என்றார் இன்னாசி.

இப்போது சிரிப்பு வந்தது. யாரோ ஒரு பெண், "அடப்பாவி, அந்த ஆளுக்கிட்டதான் என் மனுவ குடுத்துப் பாக்கச் சொன்னேன்" என்றாள். சாலம்மாள் மட்டும், "இன்னாத்துக்கு இளிக்கிறீங்க? உங்க வூட்ல எத்தினி பேரு கைநாட்டு?" என்று அதட்டினாள். இன்னாசிக்கு அதுவும் வலித்தது. இத்தனை வருஷம் கைநாட்டுக்காரர்களை ஆபீஸ் வாசலில் அதிகாரமாக நிற்க வைத்தவர் அவர்.

"யார் சொல்லிப் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான்" என்றார் அலுவலர். "வேலை பாதி முடிஞ்சிருக்கு. தெரு ஜனங்க எல்லாரும் ஆட்சேபணை மனு குடுங்க. அடுத்த மன்றத்துல வைக்கிறேன். நடக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது." பிறகு இன்னாசியைப் பார்த்து, "இனிமே அஜெண்டா உறுப்பினர் கையிலதான் வரும்" என்றார்.

மனுவை அங்கேயே எழுதினார்கள். சின்னதுரை மகள் கலையரசி காலேஜில் படிக்கிறவள். கோயில் படியில் உட்கார்ந்து எழுதினாள். ரெஜினா பக்கத்தில் நின்று, தீர்மான எண், தேதி எல்லாம் சொன்னாள். அவள் பேசப் பேச, தெருப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அவள் பக்கம் வந்தார்கள். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. துணியைத் திருப்பி வாங்கியவள் மட்டும் ரெஜினாவின் முந்தானையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

கையெழுத்து வரிசையில் இன்னாசி முறை வந்தது. கலையரசி காகிதத்தைத் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டினாள். "இங்க போடுங்க மாமா."

பேனாவை வாங்கினார். போடவில்லை. "இதுல இன்னா எழுதியிருக்குது?"

"நம்ம மனுதான் மாமா."

"தெரியுது. படிச்சுக் காட்டு."

அவள் படித்தாள். "ஆட்சேபணை" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அப்படின்னா இன்னா?"

"வேணாம்னு சொல்றது."

"வேணாம்னே எழுதக்கூடாதா?"

"அப்படி எழுதினா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க மாமா."

பின்னால் இருபது பேர் வெயிலில் நின்றார்கள். "இன்னாப்பா, ஒன்னாங்கிளாசு நடக்குதா அங்க?" என்று ஒருவர் கத்தினார். இன்னாசிக்குக் காது சுட்டது. ரெஜினா என்ன முகத்தோடு இருக்கிறாள் என்று பார்க்கத் தைரியமில்லை.

"நீ படிம்மா" என்றார். "மொதல்ல இருந்து."