முடியக் கூடாத கொட்டகை

கட்டட வேலையில் சுவர் எழுப்புகிறவன் பாடு பெரிதல்ல. எழுப்பிய சுவரை ஏன் இடிக்கிறோம் என்று சீட்டு எழுதுகிறவன் பாடுதான் பெரிது. குத்தகைக்காரருக்கும் மேலதிகாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மாற்றம் எழுதிக் கொடுத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், போர்டிக்சன் சாலையை ஒட்டிய ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நான் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். கித்தாப்பாலைக் கேட்பாரில்லை. மரவள்ளி நடு, அதை மாவாக்க ஒரு கொட்டகை கட்டு என்று உத்தரவு வந்தது. அந்தக் கொட்டகையின் மாற்றச் சீட்டுகள் அத்தனையும் நான் எழுதியவை.

வாசல் எந்தப் பக்கம்?

குத்தகை எடுத்தவர் முத்தையா. அதற்கு முன் அவர் எடுத்த ஒரே குத்தகை எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை. கள்ளில் தண்ணீர் கலந்த கைக்குச் சுண்ணாம்பில் மணல் கலப்பது கடினமாக இருக்காது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த ஜப்பான் அதிகாரிக்குத் தெரிந்த மலாயில் முக்கால்வாசி 'துக்கார்' என்ற ஒரே சொல். மாற்று என்று அர்த்தம்.

முதலில் வாசல் சாலையைப் பார்த்து இருந்தது. அதிகாரி வந்தார், துக்கார் என்றார்; ஆற்றைப் பார்த்து வைத்தோம். மறுவாரம் வந்து, லாரி எப்படி உள்ளே வரும் என்று சீறினார். திரும்பவும் சாலைப் பக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் பழைய பால் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் மலாயில் சீட்டு எழுதி, அவரிடம் முத்திரை வாங்க வேண்டும். ஒவ்வொரு முத்திரைக்கும் முத்தையாவுக்கு ஒரு மூட்டை அரிசி. வேலை செய்தவர்கள் அவித்த மரவள்ளியைத் தின்றார்கள். ஒரே கொட்டகைக்கு மூன்று தடவை வாசல் வைத்திருக்கிறீரே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். முத்தையா பல் குத்திக்கொண்டே சொன்னார்: "தொர மனசு நாலு பக்கமும் போவட்டும் கிராணியாரே, கொட்டாய்க்கும் நாலு பக்கம் இருக்குல்லா."

கக்கூஸ் விவகாரம்

அப்போதெல்லாம் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு முன், தோட்டமே கிழக்கே திரும்பி ஜப்பான் சக்கரவர்த்திக்குக் குனிந்து வணக்கம் செலுத்த வேண்டும். கொட்டகை ஆட்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டும்படி சீட்டில் இருந்தது. எங்கே என்று இல்லை. அது என் தப்பு. முத்தையா தம் வீட்டுக்கு நாற்றம் வராத இடமாகப் பார்த்து, பெரட்டுக் களத்துக்கு நேர் கிழக்கே கட்டிவிட்டார்.

கூரை போட்ட மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் பயபக்தியோடு குனிந்தோம். நிமிர்ந்தபோதுதான் எதைப் பார்த்துக் குனிந்தோம் என்று அதிகாரிக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற என் கன்னத்தில் விட்டார் ஓர் அறை. கண்ணாடி தெறித்து, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பெருமாள் காலடியில் விழுந்தது. நடுக்கத்தோடு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தால், எனக்கு முன்னால் முத்தையா வந்து காத்திருக்கிறார். வருத்தம் தெரிவிக்க வந்திருக்கிறார் என்று நம்பினேன், மடையன். அவர் தாளை என் பக்கம் தள்ளினார்: "அடி உங்களுக்கு, இடிக்கிற வேல எனக்கு. கை நடுக்கம் நின்னதும் சீட்ட எழுதிருங்க."

கரையான்

பிறகு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரிகள் வரத் தொடங்கின. பக்கத்துத் தோட்டத்தில் ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதி ஒரே காலையில் காலி. எங்கள் தோட்டத்திலும் பட்டியல் எடுத்தார்கள். கொட்டகையில் வேலை செய்த முப்பத்திரண்டு பேரை மட்டும் அதிகாரி விட்டுவைத்தார். கொட்டகை முடிகிறவரை அவர்களைத் தொடக் கூடாது, முடிந்ததும் அனுப்பு என்று என்னிடமே எழுதச் சொன்னார். அதை நான் பெருமாள் மண்டோரிடம் சொன்னேன். இருவருக்கும் ஒரே யோசனைதான் வந்திருந்தது: கொட்டகை முடியக் கூடாது.

அதுவரை முத்தையாவைத் திட்டிக்கொண்டிருந்த நான், அன்றிலிருந்து அவரைவிடப் பெரிய பித்தலாட்டக்காரன் ஆனேன். தரையில் கரையான் ஏறும், ஆகவே இரண்டடி உயர்த்த வேண்டும் என்று ஒரு சீட்டு. உயர்த்திய பிறகு லாரியிலிருந்து மூட்டை இறக்கத் தோதில்லை என்று இன்னொரு சீட்டு. மாவு ஊறும் தொட்டி ஒழுகுகிறது என்று எழுதினேன்; ஒழுகவில்லை; மண்டோர் போய்ப் பலகையில் நான்கு துளை போட்டுவிட்டு வந்தார். அதிகாரி எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தினார். அவருக்கும் கொட்டகை முடிந்துவிட்டால் வேறு எங்காவது காட்டுக்கு மாற்றல் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மூன்று மாதம் ஓடியது. ஆட்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று மண்டோரைக் கேட்டேன். யாராவது உளறினால் நம் இருவர் தலையும் போகும் என்று பயந்தார். நானும் பயந்தேன். முடிவாக அவர் சொன்னது இதுதான்: "அவனுவளுக்கு எதுக்குங்கய்யா இதெல்லாம், வேலயப் பாக்கட்டும்."

சொன்ன தேதி

செரம்பானிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் கொட்டகை முடிந்திருந்தால் போர்டிக்சனில் ராணுவக் கட்டட வேலை முத்தையாவுக்கு என்று ஆசை காட்டினார்கள். வாழ்நாளில் ஒரு கோழிக்கூண்டைக்கூட உருப்படியாக முடித்திராத மனிதர் முழங்கால் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினார். முடித்துக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு காந்தாங் அளவு அரிசி என்று அறிவித்தார். மாதக்கணக்கில் சோற்றைக் கண்ணால் பார்க்காத ஜனங்கள். பேய் மாதிரி உழைத்தார்கள்.

நான் ஒரு நாளில் மூன்று சீட்டு எழுதிப் பார்த்தேன். முத்தையா ஒன்றையும் வாங்கவில்லை. அவரைத் தனியே இழுத்துப் போய், கொட்டகை முடிந்தால் இந்த ஆட்கள் சயாமுக்குப் போவார்கள் என்று சொல்லியும்விட்டேன். அவர் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு கூரையைப் பார்த்தார். அங்கே சின்னசாமி கடைசி வரிசை அத்தாப்பு ஓலையைக் கட்டிக்கொண்டிருந்தான். பால் வெட்டிப் பழகிய கை, ஆனால் இந்தக் கொட்டகை வேலையிலேயே ஆணி அடிக்கவும் அளவு பார்க்கவும் அழகாகக் கற்றிருந்தான். மனைவி அஞ்சலைக்கு அப்போது ஆறாவது மாதம். நான் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஏணி பக்கத்திலேயே இருந்தது. முத்தையா கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எல்லாரும் என்னைக் கள்ளுக்கடைக்காரன்னு சிரிச்சீங்க, ஒரு தடவையாச்சும் சொன்ன தேதியில முடிச்சுக் காட்டணும்லா, கிராணியாரே."

அஞ்சலை

பெரிய அதிகாரி வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார். நான்காம் நாள் லாரி வந்தது. முப்பத்திரண்டு பேரையும் பெயர் வாசித்து ஏற்றியவன் நான்தான். சின்னசாமி தன் பங்கு அரிசியில் ஒரு பிடிகூடத் தின்னவில்லை; பிள்ளை பிறக்கும்போது ஆகும் என்று அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு ஏறினான். அவன் திரும்பி வரவில்லை.

லாரி போன பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் அஞ்சலையிடம் போனேன். கொட்டகை முடிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு முன்பே தெரியும் என்றும், பொய்ச் சீட்டு எழுதி எழுதி மூன்று மாதம் தள்ளிப்போட்டது நான்தான் என்றும் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நன்றியை எதிர்பார்த்தேன். இதை எழுதவே கூசுகிறது. அவள் அழவில்லை. அரிசிப் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்: "அவருகிட்டச் சொல்லியிருந்தா, அடிச்ச ஆணிய எல்லாம் அவரே புடுங்கிப் போட்டிருப்பாருங்களே, கிராணி ஐயா."

சீட்டு எழுதிப் பிழைக்கும் சகோதரர்களே, ஒவ்வொரு மாற்றத்தையும் அதிகாரிக்கு ஒரு பிரதி, குத்தகைக்காரருக்கு ஒரு பிரதி, ஆபீசுக்கு ஒரு பிரதி என்று தவறாமல் கொடுத்து வந்த கெட்டிக்காரனான எனக்கு, கட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் துணிச்சல் போதவில்லை.